முற்றத்தின் அந்தக் கோடி

தினமும் காலையில் மோஹிரா மாமியாருக்கு மூன்று முறை குனிந்து சலாம் வைக்க வேண்டும். இரண்டு முறை குனிந்து நிமிர்ந்துவிட்டாள். மூன்றாவது முறை குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றாள்.

அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் ஒரு கனம். நெற்றி வியர்த்தது. முற்றத்தில் பனி இறுகிக் கிடக்கிற மாதத்தில் ஒருத்திக்கு வியர்க்கிறதென்றால் அது என்ன வலியாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"போதும், போதும். நிமிரு கெலின்," என்று மாமியார் சபோஹத் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "இனிமே உனக்குச் சலாமெல்லாம் வேண்டாம். பிள்ளை இருக்கற வயித்தை இப்படி மடக்கினா அதுக்கு மூச்சு முட்டாதா?"

மோஹிரா தலையை ஆட்டினாள். வயிற்றில் பிள்ளை இல்லை என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இதுவரை நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். திராட்சை பறிக்கும் காலத்தில் கல்யாணம். நாற்பது நாள் சில்லா முடிந்த கையோடு கணவன் இல்ஹோம் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்கு ரயிலேறிவிட்டான். நமங்கான் நகரத் தெருக்களில் பாதி வீடுகளில் இதுதான் கதை, இதில் புதிதாக அழ ஒன்றுமில்லை. ஆனால் அவன் போன பிறகு அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. மாமனாருக்கும் மாமியாருக்கும் அவள் கெலின், அதாவது மருமகள். தெருவுக்கு சபோஹத்தின் கெலின். மோஹிரா என்ற பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் சில வாரங்கள் சபோஹத் அவளிடம் வேலை மட்டும்தான் சொன்னாள். அடுப்பைப் பார். மாட்டைப் பார். ரொட்டியைத் துணி போட்டு மூடு. மகனைப் பிரிந்த வருத்தம் அவளுக்கும் இருந்திருக்கும். அதை மருமகளோடு பங்கு போட்டுக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் மோஹிரா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வயிறு உப்பியிருந்தது, குமட்டியது. சபோஹத் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்து, இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பிறந்த வீட்டை விட்டு வந்த பிறகு ஒரு பெண்ணின் கை அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இல்ஹோம் ரயிலேறிய அடுத்த வாரமே தனக்கு மாதவிலக்கு வந்துவிட்டதென்று சொல்ல மோஹிராவுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்தக் கை போய்விடும்.

சரி, வயிறு ஏன் உப்பியது? அதற்கு அந்த முற்றத்தைத்தான் கேட்க வேண்டும்.

வீடு ஒரு கோடி. கழிப்பறை அந்தக் கோடி. நடுவில் ஆப்ரிகாட் மரம், மாட்டுக் கொட்டகை, வழுக்கும் பனி. கழிப்பறைக்குத் தகரக் கதவு. திறந்தால் ஊரைக் கூட்டும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் மாமனார் எர்காஷ் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் கஷ்டம்.

லாரி ஓட்டியவர். கால் எலும்பு நொறுங்கி வீட்டோடு வந்து நாலு வருஷமாகிறது. காலுக்கு வெயில் படவேண்டும் என்று அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். விடியற்காலைத் தொழுகை முடிந்து அதில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். மடியில் ஒரு ரேடியோ, காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. கண்ணுக்கு முற்றம்.

கல்யாணத்தன்று அலங்காரம் செய்த அத்தை, மோஹிராவின் காதில் சொல்லி அனுப்பினாள். "கெலின் தின்னறது தெரியக்கூடாது, தூங்கறது தெரியக்கூடாது, வெளியே போறது தெரியவே கூடாது. மாமனார் கண்ணுல தண்ணிக் கூஜாவோட பட்டேன்னு வை, உன் அம்மா வளர்த்த லட்சணம் அன்னைக்கே தெரிஞ்சிடும்."

எல்லாப் பெண்களுக்கும் சொல்லி அனுப்புவதுதான். மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார்கள். மோஹிரா மனசில் எழுதி வைத்துக்கொண்டாள். இருட்டோடு எழுந்து ஓடிப்போய் ஒன்றுக்கு மட்டும் ஒதுங்கிவிட்டு வருவாள். அதற்கு மேல் உட்கார நேரமில்லை. அடுப்பு மூட்ட வேண்டும், டீ வைக்க வேண்டும். பகலில் வயிறு கூப்பிட்டால் அடக்கிக்கொள்வாள். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்தாள். அப்புறம் வயிறு கூப்பிடுவதையே விட்டுவிட்டது.

சலாம் பாதியில் நின்ற அன்றைக்கும் காலை டீயை மாமனாருக்கு எடுத்துப் போனாள். எர்காஷ் பியாலாக் கிண்ணத்தை வாங்கினார். குடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்பி நீட்டினார்.

"இதை நீயே குடி, கெலின்."

"ஆறிப் போச்சா மாமா? சூடு பண்ணிக் கொண்டு வரேன்."

"அதுக்கில்ல. நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தவர் இருமினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனாரும் கெலினும் அதற்கு மேல் பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே கிடையாது.

டீ கூட ஒழுங்காகப் போட வரவில்லை என்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டு அவள் பியாலாவைத் திரும்ப எடுத்துப் போனாள். மனசு சுருங்கிவிட்டது. அடுப்படியில் அந்த டீயைக் கீழே கொட்டினாள்.

* * *

"இங்க வா, இங்க வா. என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு."

சபோஹத் பரணிலிருந்து பெஷிக் தொட்டிலை இறக்கியிருந்தாள். சிவப்பும் மஞ்சளும் பூசிய மரத் தொட்டில். முறைப்படி பார்த்தால் பிள்ளை பிறந்த பிறகு பெண் வீட்டார் கொண்டுவர வேண்டியது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இல்ஹோம் இதுல தூங்கினவன்தான். புதுசு உன் அம்மா கொண்டு வரட்டும், அதைப் பத்தி இல்ல. மத்தியானம் தெருப் பெண்டுகள் வராங்க, அவங்க கண்ணுல படட்டும்னு இறக்கினேன்."

"இன்னைக்கா அத்தை?"

"பின்னே எப்போ? எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஹோசியத் வாய் சும்மா இருக்குமா? பிள்ளையா பொண்ணான்னு அவ தீர்மானமே பண்ணிட்டா."

சபோஹத் ஈரத் துணியால் தொட்டிலைத் துடைத்தாள். மெத்தையின் நடுவில் இருந்த துளையைத் துடைத்தாள். துளைக்குக் கீழே மாட்டுகிற சின்ன மண் கலயத்தையும், குழந்தையின் கால்களுக்கு நடுவே பொருத்துகிற மரக் குழாயையும் தனியாகக் கழுவி வைத்தாள். குழந்தைக்கு எப்போது வந்தாலும் அந்தக் குழாய் வழியாக இறங்கிவிடும். துணி நனையாது, அழுகை கிடையாது.

மோஹிரா அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறக்காத பிள்ளைக்கு இந்த வீட்டில் வழி பண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் இல்லை, என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

"நிக்காதே, போய்ப் படு," என்றாள் சபோஹத். "மாத்திரை போட்டியா?"

போட்டிருந்தாள். மருந்துக் கடையில் கேட்டு சபோஹத்தே வாங்கி வந்த இரும்புச் சத்து மாத்திரை. அது வந்த பிறகு வயிறு இன்னும் இறுகியது. வேலை செய்யக் கூடாது என்றாள் சபோஹத், நடையும் நின்றது. முள்ளங்கி குளிர்ச்சி, பிள்ளைக்கு ஆகாது என்றாள், தட்டில் பச்சையாக ஒன்றும் விழவில்லை. இறைச்சிக் கொழுக்கட்டை, நெய் வழியும் புலாவ், வெள்ளை ரொட்டி என்று ஊட்டாத குறை. அவள் அன்பு காட்டக் காட்ட இவளுக்கு வயிறு கல்லாகிக்கொண்டு வந்தது. போதும் என்று சொல்ல முடியவில்லை. இவ்வளவு நாள் யாரும் ஒன்றும் கேட்காத வீட்டில், சாப்பிட்டியா, தூங்கினியா என்று ஒரு குரல் கேட்கிறதே.

அறையில் கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தாள். திடீரென்று வயிறு முறுக்கி, இன்றைக்கு முடியும்போல் இருந்தது. எழுந்து கூஜாவை எடுத்தாள். சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள். கதவைத் திறந்தாள்.

ஜன்னலில் எர்காஷ். பக்கத்தில் சந்தைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த சிநேகிதர் ஒருவர் வேறு. இரண்டு தாடிகளும் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தன.

அவள் கதவைச் சாத்தினாள். கூஜாவைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வயிறு அடங்கும்வரை நின்றாள். அம்மா வீட்டு முற்றம் ஞாபகம் வந்தது. அங்கே கழிப்பறைக்குப் போகும்போது தங்கை வெளியே நின்று கதை சொல்லிக்கொண்டே இருப்பாள். இங்கே ஆளே இல்லை.

* * *

மத்தியானம் பெண்கள் வந்தார்கள். சால்வைகளை உதறிக்கொண்டு, கீழே கங்கு வைத்த கணப்பு மேஜையைச் சுற்றி, ரஜாய்ப் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். மோஹிரா ஒவ்வொருத்திக்கும் தலை குனிந்து டீ ஊற்றினாள். மரியாதைப்பட்டவர்களுக்குப் பியாலாவில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவது. திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும், நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவளுக்கென்று ஒரு பியாலா அங்கே இல்லை.

"வயித்தைப் பாருங்கடி, இப்பவே எப்படி நிக்குது," என்றாள் எதிர்வீட்டு ஹோசியத். "பையன்தான். பந்தயம் கட்டறேன்."

"உன் பந்தயத்தை நம்பி என் கொழுந்தன் பொண்டாட்டி நீலத்துல பின்னி வச்சா. பொறந்தது மூணும் பொண்ணு," என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு. சபோஹத் அவ்வளவு சிரித்து மோஹிரா பார்த்ததில்லை. மகன் போன பிறகு அந்த வீட்டில் சத்தமாக யாரும் சிரித்ததில்லை.

"சாப்பிடறாளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க சாப்பிடறா, கொறிக்கறா. இறைச்சியைத் தள்ளி வச்சிடறா. நான்தான் பக்கத்துல உக்காந்து தின்ன வைக்கறேன்." சபோஹத் கையை நீட்டி மருமகளின் முழங்கையைத் தடவினாள். "எனக்குப் பொண்ணு கிடையாது. இவதான் பொண்ணு."

இந்த வார்த்தையை மோஹிரா எத்தனை நாளாகக் கேட்க ஆசைப்பட்டாள். இப்போது கேட்கிறது. தனக்குச் சொன்னதல்ல, இல்லாத பிள்ளைக்குச் சொன்னது.

அடுத்த பியாலாவுக்குக் குனிந்தபோதுதான் வயிற்றைப் பிடித்து யாரோ முறுக்கினாற்போல் இருந்தது. டீ ஜாடி ரஜாய் மேல் உருண்டது. மோஹிரா முழங்காலில் விழுந்தாள்.

"ஐயோ, பிள்ளை," என்றாள் சபோஹத். குரல் கிறீச்சிட்டது. "யாராவது காரை எடுக்கச் சொல்லுங்களேன். என் பிள்ளைக்கு என்னவோ ஆகுது."

அவளைத் தாங்கிப் பிடித்து முற்றத்தின் வழியாகக் கூட்டிப் போனபோது ஜன்னலில் எர்காஷ் எழுந்து நின்றிருந்தார். கோல் இல்லாமல் நின்றிருந்தார்.

* * *

டாக்டர் முனவ்வர் அந்தப் பேட்டையின் பாதி ஜனத்தைப் பிறக்கும்போதே கையில் வாங்கியவள். யாருக்கும் பயப்பட மாட்டாள், எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஸ்கேன் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கலைஞ்சிடுச்சா டாக்டர்?" என்று சபோஹத் கேட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"கலையறதுக்கு ஏதாவது இருக்கணும் சபோஹத். இவ கர்ப்பமே இல்லை."

சபோஹத் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கட்டிலருகே வந்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "மோஹிரா," என்று கூப்பிட்டாள்.

அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல் இருந்தது. மோஹிரா கண்ணைத் திறந்தாள்.

"கடைசியா எப்போ மலம் போனே?"

மோஹிரா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நானும் பொம்பளைதான், உன் அத்தையும் பொம்பளைதான். சொல்லு."

"போன சந்தைக்கு முன்னாடி," என்றாள் மோஹிரா, கேட்டும் கேட்காமலும்.

"அடி பாவி. தண்ணி குடிக்கறியா?"

"குடிச்சா... போகணும்ல."

டாக்டர் முனவ்வர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "போகணுமேன்னு குடிக்கல. யாராவது பார்ப்பாங்கன்னு அடக்கிக்கிட்டே. சரியா? நீ அடக்க அடக்க, உள்ளே கிடக்கறதுல இருக்கற ஈரத்தையும் குடல் உறிஞ்சிடும். அது கெட்டிப்படும். கெட்டியானது வரும்போது வலிக்கும். வலிக்குதேன்னு இன்னும் அடக்குவே. கொஞ்ச நாள்ல குடலும் சரி போடின்னு கூப்பிடறதை நிறுத்திடும். மலச்சிக்கல்டி இது. முத்திப் போச்சு, அவ்வளவுதான். சரியாயிடும்."

"நான் எதுல குறை வச்சேன் டாக்டர்?" என்றாள் சபோஹத். "இறைச்சி, நெய், வெள்ளை மாவு. வேலை கூடச் செய்ய விடல. மாத்திரை வேற வாங்கிக் கொடுத்தேன்."

"என்ன மாத்திரை?"

சபோஹத் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

"இரும்புச் சத்து. ரத்தம் குறைஞ்சிருந்தா நாங்க பார்த்து எழுதிக் கொடுப்போம். நிறையப் பேருக்கு இது வயித்தைக் கட்டும். இறைச்சியும் மாவும் போட்டீங்க, காய் கீரை ஒண்ணும் போடல. நார் இல்லாத சாப்பாடு உள்ளே நகரவே நகராது. படுக்க வச்சீங்க. உடம்பு அசையலைன்னா குடல் மட்டும் அசையுமா? தண்ணியும் இல்லை. உங்க பாசம் எல்லாம் இவ வயித்துல போய் அடைச்சுக்கிட்டிருக்கு."

சபோஹத் மாத்திரை அட்டையை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

நர்ஸ் எனிமா கொடுத்து மோஹிராவை ஒரு சின்ன அறைக்குள் விட்டாள். சூடான அறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். வெளியே யாரும் காத்திருக்கவில்லை, எந்த ஜன்னலும் பார்க்கவில்லை. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதும் மோஹிராவுக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் கொஞ்சம் அழுதாள், வலி போன சுகத்தில் மீதியையும் அழுதாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் ஒரு பெரிய கிளாஸ் வெந்நீரை நீட்டினாள். "முழுசையும் குடி, நான் பார்க்கணும். காலையில எழுந்ததும் இதே மாதிரி குடி. பகல்லயும் விடாதே. பரங்கிக்காய், பீட்ரூட், காரட், முள்ளங்கி எல்லாம் தின்னு. உலர்ந்த ஆப்ரிகாட்டை ராத்திரி ஊறப்போட்டு காலையில தண்ணியோட சாப்பிடு, உங்க வீட்டு மரத்துலயே காய்க்குதே. முற்றத்தைப் பெருக்கு, நட. காலைச் சாப்பாடு ஆனதும் போய் உக்காரு, அவசரப்படாதே, முக்காதே. வந்தா அடக்காதே, ஊரை ஆள்ற அமீரே வாசல்ல நின்னாலும் நீ பாட்டுக்குப் போ. பேதி மாத்திரையை நீயா வாங்கித் தின்னாதே. ரத்தம் பட்டாலோ, வாந்தியோட வயிறு உப்பினாலோ உடனே ஓடி வா."

"சரிங்க டாக்டர்."

"அவகிட்ட இவ்வளவு சொல்லியாச்சு. உங்ககிட்ட ஒண்ணுதான்." டாக்டர் முனவ்வர் சபோஹத் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒரு காலத்துல அந்த முற்றத்துக்குக் கெலினா வந்தவங்கதானே? அப்போ ஜன்னல்ல உங்க மாமனார் உக்காந்திருந்தாரா?"

சபோஹத் தலைத் துணியை அவிழ்த்து, இறுக்கி, மறுபடி கட்டிக்கொண்டாள்.

* * *

நடந்தே திரும்பினார்கள். சபோஹத் முன்னால், மோஹிரா பின்னால். வயிறு லேசாக இருந்தது. மனசுதான் கல்லாகக் கனத்தது.

வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். "என்ன ஆச்சு சபோஹத்? நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"பிள்ளை?"

சபோஹத் நடையைக் கூட்டினாள்.

வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. கர்ப்பம் என்று மோஹிரா ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்டச் சொல்வாளோ? சொன்னால் போகவேண்டியதுதான். ஆனால் போக வேண்டும் என்று நினைத்தபோது, தன் முழங்கையைத் தடவிய அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சபோஹத் கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். பிறகு தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்து, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். கழுவாத பியாலாக்களை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மோஹிரா தன் அறை வாசலில் நின்றாள். அடுப்படியில் போன் அடித்தது. இல்ஹோம். அவன் குரல் எப்போதும் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்துகிற மாதிரியே வரும்.

"அம்மா, ஒரு குட்டி பூட்ஸ் வாங்கிட்டேன். உள்ள கம்பளி வச்சது. பசங்க எல்லாரும் சிரிக்கறானுங்க. அவகிட்ட கொடுங்க, சொல்றேன்."

"தூங்கறா," என்றாள் சபோஹத். "நாளைக்குப் பேசு."

"நல்லா இருக்காதானே?"

"வைக்கறேன். லைன் சரியில்ல."

லைன் நன்றாகத்தான் இருந்தது. மோஹிரா கட்டிலில் போய் உட்கார்ந்தாள். ஆறு வீடு தள்ளி நடக்கிற சத்தமெல்லாம் கேட்டது, வீட்டுக்குள் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த அன்றுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது வயிறு கூப்பிட்டது. லேசாக, வெட்கப்படுகிற மாதிரி. அவள் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்தாள். பிறகு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து மூச்சை விட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து கூஜாவை இழுத்தாள். இனிமேல் போக என்ன மானம் மிச்சமிருக்கிறது என்று ஒரு கசப்பு. கதவைத் திறந்தாள்.

ஜன்னலில் ஆளில்லை.

வெயில் வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பார்த்தாள். நாற்காலியை அறையின் அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு, எர்காஷ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் பழைய காலண்டர் ஒன்றைத் தவிர எதுவுமில்லை. நொறுங்கிய காலோடு அந்தக் கனத்த நாற்காலியை அவரே இழுத்திருக்க வேண்டும். தரையில் கோடு விழுந்திருந்தது.

சபோஹத் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"காலுக்கு வெயில் படவேண்டாமா? இங்க எதுக்கு வந்து உக்காந்தீங்க?"

"வெயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பொழுதுக்கும் அந்த ஜன்னல்தானே உங்களுக்கு. இனிமே எதைப் பார்ப்பீங்க?"

"சுவரைப் பார்க்கறேன். சுவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

சபோஹத்தின் குரல் இறங்கியது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பிள்ளை இருக்கா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும். அவ அந்தக் கோடிக்குப் போகலைன்னு மட்டும் தெரியும். நாள் பூரா இங்கதானே கிடக்கேன். லாரியில வாரக்கணக்கா உக்காந்து, வயிறு கட்டி, நான் படாத பாடா? தண்ணியாவது குடிம்மான்னு டீயைத் திருப்பிக் கொடுத்தேன். சூடு பத்தலைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டா. மாமனார்க்காரன் வேற எப்படிடி சொல்றது இதை?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தேன். நீ தொட்டிலை இறக்கிக்கிட்டு வந்து நின்னே. உன் முகத்தைப் பார்த்தேன். மனசு வரல."

சபோஹத் தலைத் துணியின் நுனியால் எதையோ துடைத்தாள், கையையா கண்ணையா தெரியவில்லை. மறுபடி அடுப்படிக்கே போய்விட்டாள்.

காலையில் கீழே கொட்டிய டீ மோஹிராவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் முற்றத்தில் காலை வைத்தாள். பனி நெறுநெறுத்தது.

அந்தச் சத்தம் கேட்டதோ என்னவோ, உள்ளே ரேடியோவின் ஒலி திடீரென்று கூடியது. காதுக்கு மட்டும் வைத்துக் கேட்கிற மனுஷன். கோதுமை விலையோ வானிலையோ, யாரோ ஒருவன் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தான். தகரக் கதவு கிறீச்சிட்டது அதில் அமுங்கிப் போயிற்று.

அவள் அவசரப்படவில்லை. கூஜாவைச் சால்வைக்குள் மறைக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது ஆப்ரிகாட் மரத்தடியில் நின்றாள். ரேடியோ இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவள் தன் அறைக் கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்திய பிறகுதான் அடங்கியது. அப்போது அடுப்படியில் போன் அடிப்பது கேட்டது.

மோஹிரா எட்டிப் பார்த்தாள். சபோஹத் உலர்ந்த ஆப்ரிகாட் ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டு, கையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, அதை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எடுக்கவில்லை. கட் பண்ணவும் இல்லை. திரையில் மகன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

இவளாலும் சொல்ல முடியாது. அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவராலும் முடியாது. இந்த வீட்டில் யாராலும் எதையும் வாயால் சொல்ல முடிவதில்லை, அதுதானே இவ்வளவுக்கும் காரணம். மோஹிரா உள்ளே போனாள். குனிந்து சலாம் வைக்கவில்லை. கையை நீட்டிப் போனை எடுத்தாள். சபோஹத் தடுக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"அம்மா? என்னம்மா, அப்போ பாதியில வச்சிட்டீங்க?"

"அத்தை இல்ல. நான்."

"யாரு?"

மனைவியின் குரலே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் போனைக் காதோடு இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மோஹிரா," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் தனியா வாங்க."

அந்த முனையில் கூட்டத்தின் இரைச்சல் மெல்ல விலகுவது கேட்டது. ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு அவன் மூச்சு மட்டும்.